படம் வரும் முன்னே எழுதிய இசை



திரைப்படத்துக்கு இசையமைப்பது என்றதும் நம் எல்லோருக்கும் தோன்றுவது ஒரே காட்சிதான். இயக்குநர் படத்தைப் போட்டுக் காட்டுகிறார். இசையமைப்பாளர் பார்க்கிறார், யோசிக்கிறார், பிறகு ஆர்மோனியத்தில் கை வைக்கிறார். நான் இன்று பேச வந்திருப்பது இந்த வரிசை தலைகீழாக நடந்த ஒரு தொழிலைப் பற்றி. அங்கே இசையமைப்பாளர் படத்தைப் பார்ப்பதில்லை. படம் இன்னும் எடுக்கப்படவே இல்லை. ‘பரபரப்பான நகரம்’, ‘துரத்தல்’, ‘கிராமத்துக் காலை’, ‘இயந்திரங்கள் ஓடும் தொழிற்சாலை’ என்று ஒரு மனநிலையை மட்டும் வைத்துக்கொண்டு இரண்டு, இரண்டரை நிமிடத்துக்கு ஒரு உருப்படி எழுதுகிறார். வாத்தியக்காரர்கள் வாசிக்கிறார்கள். அது இசைத்தட்டாகிறது. ஆனால் கடைக்குப் போவதில்லை. தொலைக்காட்சி நிலையங்களுக்கும் படக் கம்பெனிகளுக்கும் விளம்பர நிறுவனங்களுக்கும் போய் அலமாரியில் உட்கார்ந்துகொள்கிறது.

என்றாவது ஒரு நாள், மறுநாள் காலைக்குள் நிகழ்ச்சியை முடித்துக் கொடுக்க வேண்டிய ஒரு படத்தொகுப்பாளர் அந்தத் தட்டை உருவி எடுத்துத் தன் காட்சியோடு சேர்த்து ஓட்டிப் பார்ப்பார். ஒத்துப்போனால் அந்த மெட்டு முப்பது வருடம் ஒரு தேசத்தின் காதில் ஒலிக்கும். ஒத்துப்போகாவிட்டால் அலமாரியிலேயே கிடக்கும்.

பிரிட்டனில் இதை லைப்ரரி மியூசிக் என்பார்கள். அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அந்த நாட்டில் வளர்ந்த ஒருவரிடம் உங்கள் காலத்து இசை எது என்று கேட்டால் பீட்டில்ஸ் என்பார், பிங்க் ஃபிளாய்ட் என்பார். ஆனால் இரவுச் செய்தியின் முகப்பு இசை, வினாடி வினாவின் முகப்பு இசை, விம்பிள்டன் டென்னிஸ் ஒளிபரப்பு தொடங்கும் இசை, இவற்றில் எதை வாசித்துக் காட்டினாலும் இரண்டாவது சுரத்திலேயே அவர் முகம் மாறிவிடும். அந்த மெட்டுகளில் பல இந்த அலமாரிகளிலிருந்து வந்தவை. அவற்றை எழுதியவர் யாரென்று கேட்டால் மட்டும் பதில் வராது. கச்சேரி மேடைக்கு எழுதியவர்களுக்கும் பாப் பாடகர்களுக்கும் கொடுக்கிற அதே மரியாதையை நாம் இவர்களுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அதற்குக் காரணங்கள் சொல்லத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

கதை மௌனப் படக் காலத்தில் தொடங்குகிறது. 1909இல் மேயர் டி வொல்ஃப் என்ற டச்சு இசைக்கலைஞர் லண்டனில் ஒரு நிறுவனம் தொடங்கினார். திரையரங்குகளில் படம் ஓடும்போது கீழே உட்கார்ந்து வாசித்த இசைக்குழுக்களுக்கு ஏற்ற இசைத்தாள்களைக் கொடுப்பது அவர் தொழில். சண்டைக்கு ஒன்று, காதலுக்கு ஒன்று, புயலுக்கு ஒன்று என்று வகை பிரித்த தாள்கள். ஜெர்மனியில் ஜூசெப்பே பெச்சே, அமெரிக்காவில் எர்னோ ராப்பே ஆகியோரும் இப்படித் தொகுதிகள் வெளியிட்டார்கள். மனநிலைவாரியாக இசையை அடுக்கிவைக்கும் பழக்கம் அங்கிருந்து வந்ததுதான்.

இருபதுகளின் கடைசியில் பேசும் படம் வந்தது. கீழே உட்கார்ந்து வாசித்தவர்கள் ஆயிரக்கணக்கில் வேலை இழந்தார்கள். இதை உங்கள் மனதில் ஓர் ஓரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் திரும்பி வர வேண்டியிருக்கிறது. தாள்களை விற்ற டி வொல்ஃப் நிறுவனம் பதிவு செய்த இசையை வாடகைக்குக் கொடுக்கும் நிறுவனமாக மாறியது. பூஸி அண்ட் ஹாக்ஸ், சாப்பெல் போன்ற பெரிய இசைப் பதிப்பகங்களும் தங்களுக்கென்று பதிவு நூலகங்களை உருவாக்கின.

சாப்பெல்லின் தட்டுகளில் வேலை செய்தவர்களில் முக்கியமானவர் சார்ல்ஸ் வில்லியம்ஸ். அவர் எழுதிய ‘டெவில்ஸ் கேலப்’ 1946இல் பி.பி.சி. வானொலியின் ‘டிக் பார்ட்டன்’ என்ற துப்பறியும் தொடரின் முகப்பு இசையானது. வயலின்கள் மூச்சு விடாமல் ஓடும் ஓட்டம் அது. தொடர் 1951இல் நின்றுவிட்டது. இன்றைக்கும் ஆங்கிலேய நகைச்சுவை நிகழ்ச்சிகளில் யாராவது யாரையாவது துரத்தினால் அந்த ஓட்டத்தை வாசிக்கிறார்கள். தொடரைக் கேட்டே இராத தலைமுறைக்கும் அதுதான் துரத்தலின் ஒலி.

எழுபத்தெட்டு சுற்றுத் தட்டுகளின் காலம் முடிந்து எல்.பி. என்ற நெடுநேரத் தட்டு வந்தபோது இந்தத் தொழிலுக்கு ஒரு பொற்காலம் பிறந்தது. கீத் ப்ரவுஸ், பீட்டர் மாரிஸ் என்ற இரண்டு பதிப்பகங்கள் இணைந்து உருவான கே.பி.எம். நிறுவனம், லண்டன் டென்மார்க் தெருவில் 21ஆம் எண் கட்டடத்தில் இயங்கியது. ராபின் ஃபிலிப்ஸ் என்பவர் அதன் நூலகப் பிரிவை நடத்தினார். 1966இல் அவர் தொடங்கிய ‘ஆயிரம் வரிசை’ என்ற பெயர் கொண்ட தட்டுகள் எல்லாம் ஒரே மாதிரிப் பச்சை உறையில் வந்தன. உறையில் கலைஞரின் படம் கிடையாது, கவர்ச்சி கிடையாது. பின்பக்கத்தில் உருப்படியின் பெயர், எத்தனை நிமிடம் எத்தனை நொடி, எந்த மாதிரிக் காட்சிக்கு உதவும் என்று ஒரு வரி. அவ்வளவுதான். ஃபிலிப்ஸுக்கு ஒரு தெளிவு இருந்தது. ஜாஸ் வாசிப்பவர்கள், பாப் பதிவுகளில் வாசிப்பவர்கள், திரைப்பட இசைக்குழுவில் வேலை செய்கிறவர்கள் என்று அன்றைய லண்டனில் இருந்த நல்ல கைகளைத் தேடிப் பிடித்து எழுதச் சொன்னார். கீத் மான்ஸ்ஃபீல்ட், ஆலன் ஹாக்‌ஷா, ஜானி பியர்சன், நீல் ரிச்சர்ட்சன், ஸிட் டேல், ‘ஷேடோஸ்’ குழுவின் டிரம்மர் பிரையன் பென்னட், ஜான் கேமரன் என்று அந்தப் பட்டியல் நீளும்.

இப்போது அந்த வேலை இழந்த இசைக்கலைஞர்களிடம் திரும்பி வருகிறேன். பிரிட்டனின் இசைக்கலைஞர் சங்கத்துக்குப் பேசும் படம் செய்த காயம் ஆறவே இல்லை. ஒருமுறை பதிவு செய்து நூறு முறை பயன்படுத்தும் இசை என்றால் தொண்ணூற்றொன்பது முறை ஒரு வாத்தியக்காரருக்கு வேலை போகிறது என்பது அவர்கள் கணக்கு. அதனால் நூலகத்துக்காகப் பதிவு செய்யும் வேலையில் உறுப்பினர்கள் கலந்துகொள்ளக் கூடாது என்று சங்கம் தடுத்தது. விளைவு விசித்திரமானது. பிரிட்டனின் தொலைக்காட்சியில் ஒலித்த இந்த ‘பிரிட்டிஷ்’ இசையில் பெரும்பகுதி பிரிட்டனில் பதிவாகவில்லை. இசையமைப்பாளர்கள் நோட்டுக் கட்டுகளைத் தூக்கிக்கொண்டு கொலோன், மியூனிக், பிரஸ்ஸல்ஸ், பாரிஸ் என்று பறந்தார்கள். அங்குள்ள இசைக்குழுக்கள் வாசித்தன. அதற்கு முன் பார்த்திராத நோட்டை ஸ்டாண்டில் வைத்த கணமே பிழையில்லாமல் வாசிக்கக்கூடிய கலைஞர்கள் அவர்கள். எழுபதுகளின் இறுதியில்தான் சங்கம் இறங்கிவந்தது.

சங்கத்தைக் குறுகிய புத்தி என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை. ஒரு தலைமுறையே தெருவுக்கு வந்ததைப் பார்த்த சங்கம் அது. அதன் பயத்துக்குக் காரணம் இருந்தது. ஆனாலும் அந்தத் தடையால் வேலை நிற்கவில்லை, இடம்தான் மாறியது. லண்டன் கலைஞர்களுக்குக் கிடைத்திருக்க வேண்டிய கூலி ஜெர்மன் ஸ்டுடியோக்களுக்குப் போனது. இன்று கணினியே இசை எழுதித் தரும் என்ற பேச்சு கிளம்பியிருக்கும் நேரத்தில் இந்த வரலாற்றை நம் இசைக்கலைஞர் சங்கங்களும் உட்கார்ந்து படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

சரி, படமே இல்லாமல் படத்துக்கு எப்படி எழுதுவது? இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பேச ஆசைப்படுகிறேன். இந்தக் கலையின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

அளவெடுக்காமல் சட்டை தைப்பது போன்ற வேலை இது. யார் உடம்பில் ஏறினாலும் அவருக்கென்றே தைத்ததுபோல் இருக்க வேண்டும். அதற்கு முதல் விதி, எடுத்த எடுப்பில் விஷயத்துக்கு வந்துவிட வேண்டும். நம் கச்சேரியில் ராகத்தை மெல்ல விரித்துக்கொண்டு வருவதுபோல இங்கே விரிக்க முடியாது. முதல் நான்கு நொடிக்குள் ‘இது ஆபத்து’, ‘இது கொண்டாட்டம்’ என்று தெரிந்துவிட வேண்டும். காரணம், தொகுப்பாளர் ஊசியை வைத்துக் கேட்கப்போவது அந்த நான்கு நொடியைத்தான். இரண்டாவது, ஓர் உருப்படிக்கு ஒரே மனநிலை. நடுவில் சோகம் எட்டிப் பார்த்தால் தட்டு திரும்ப உறைக்குள் போய்விடும். மூன்றாவது, எந்த இடத்தில் வெட்டினாலும் தாங்க வேண்டும். எட்டு எட்டு அளவாகக் கட்டி, ஒவ்வொரு கட்டின் முடிவிலும் நிறுத்தக்கூடியதாக எழுதினார்கள். கடைசியில் ஒரு திட்டமான முடிப்பு; படம் முடியும் இடத்தில் அதைப் பொருத்தினால் போதும். ஒரே மெட்டுக்கு முழு வடிவம், அறுபது நொடி வடிவம், முப்பது நொடி வடிவம், மேல்மெட்டை எடுத்துவிட்டுத் தாளமும் சுருதியும் மட்டும் கொண்ட வடிவம் ஆகியவற்றையும் கொடுத்தார்கள். கடைசியாகச் சொன்ன வடிவத்தின் மேல் அறிவிப்பாளர் பேசலாம். பேச்சுக்கு இடம் விட்டு எழுதுவது எவ்வளவு கடினம் என்று எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இத்தனை கட்டுப்பாட்டுக்குள் நின்றுகொண்டு அவர்கள் சோதனையும் செய்தார்கள் என்பதுதான் என்னை வியக்க வைக்கிறது. வெற்றிப் பாடல் வேண்டும் என்று யாரும் கேட்காததால் எலெக்ட்ரானிக் ஒலி, விநோதத் தாளக்கட்டு, வார்த்தையில்லாத மனிதக் குரல் எல்லாவற்றையும் முயன்று பார்க்க முடிந்தது. டி வொல்ஃபுக்காக பார்பரா மூர் செய்த ‘வோக்கல் ஷேட்ஸ் அண்ட் டோன்ஸ்’ தட்டைக் கேளுங்கள். ஒரு வார்த்தைகூடக் கிடையாது. குரல்கள் எக்காளம்போலவும் புல்லாங்குழல்போலவும் ஒன்றன்மேல் ஒன்றாக எழும்பி வரும். அந்தத் தொழிலில் பெண்கள் மிகக் குறைவாக இருந்த காலத்தில் அவர் செய்த வேலை அது. அதைப் பற்றி ஒரு தனிச் சொற்பொழிவே ஆற்றலாம்.

அலமாரியிலிருந்து வீட்டுக்குள் வந்த மெட்டுகள் சிலவற்றைச் சொல்கிறேன்.

1967 ஜூலை 3ஆம் தேதி ஐ.டி.வி. சேனலில் ‘நியூஸ் அட் டென்’ என்ற இரவுச் செய்தி தொடங்கியது. ஜானி பியர்சன் கே.பி.எம்.முக்கு எழுதியிருந்த ‘இருபதாம் நூற்றாண்டுச் சித்திரம்’ என்ற தொகுப்பிலிருந்து ‘தி அவேக்கனிங்’ என்ற பகுதியை எடுத்துக்கொண்டார்கள். அந்த இசைக்கும் பிக் பென் மணிக்கும் நடுவில் தலைப்புச் செய்திகள் வாசிக்கப்பட்டன. போர், தேர்தல், வேலைநிறுத்தம் என்று ஒரு நாட்டின் கனமான இரவுகள் எல்லாம் அந்த எக்காள முழக்கத்தோடுதான் வீட்டுக்கு வந்தன. பியர்சன் செய்திக்கென்று அதை எழுதவில்லை என்று சொன்னால் இன்றும் பலர் நம்ப மாட்டார்கள்.

அடுத்து ‘மாஸ்டர்மைண்ட்’. 1972இல் பி.பி.சி. தொடங்கிய வினாடி வினா. அதை உருவாக்கிய பில் ரைட் இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் இருந்து ஜெர்மானியர்களிடம் சிறைப்பட்டவர். விசாரணை அறையில் தனியாக உட்கார வைத்துக் கேள்வி கேட்ட அனுபவத்தைத்தான் நிகழ்ச்சியாக்கினார். இருட்டு, ஒரே ஒரு கறுப்பு நாற்காலி, மேலே ஒரு விளக்கு. அந்த நாற்காலிக்கு இசை எங்கிருந்து வந்தது? நீல் ரிச்சர்ட்சன் நூலகத்துக்கு எழுதிவைத்திருந்த ‘அப்ரோச்சிங் மெனஸ்’. நெருங்கிவரும் ஆபத்து என்றுதான் தலைப்பே. முரசு அதிர்கிறது, பித்தளை வாத்தியங்கள் தாழ்ந்த குரலில் எழுகின்றன. ஒரு வில்லன் வரும் காட்சிக்கோ ஒரு கொலை நடக்கும் காட்சிக்கோதான் யாராவது அதை எடுப்பார்கள் என்று ரிச்சர்ட்சன் எதிர்பார்த்திருக்கலாம். வந்ததோ, அஞ்சல் ஊழியரும் பள்ளி ஆசிரியையும் பொது அறிவுக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல நடந்துவரும் காட்சி. பில் ரைட்டின் பழைய பயமும் முன்பின் தெரியாத ஓர் இசையமைப்பாளரின் கற்பனையும் ஓர் அலமாரியின் முன்னால் சந்தித்துக்கொண்டன. அரை நூற்றாண்டு கடந்தும் அந்த இசையை மாற்ற யாருக்கும் துணிச்சல் வரவில்லை. பார்த்துப் பார்த்து எழுதியிருந்தால்கூட இவ்வளவு பொருந்தியிருக்காது என்று நான் உறுதியாகச் சொல்வேன். படம் கையில் இருந்திருந்தால் எந்த இசையமைப்பாளரும் வினாடி வினாவுக்கு இப்படி ஒரு பயங்கரத்தை எழுதத் தயங்கியிருப்பார்.

அதே 1972இல் தேம்ஸ் தொலைக்காட்சி ‘வான் டெர் வால்க்’ என்ற துப்பறியும் தொடரை வெளியிட்டது. கதை நடப்பது ஆம்ஸ்டர்டாமில். டி வொல்ஃப் அலமாரியிலிருந்து ‘ஐ லெவல்’ என்ற மெட்டு வந்தது. ஜாக் ட்ராம்பி என்று தட்டில் பெயர் போட்டிருந்தாலும் எழுதியவர் டச்சுக்காரரான யான் ஸ்டுக்கார்ட். சைமன் பார்க் இசைக்குழு வாசித்த அதை முதலில் கடையில் விற்றபோது பெரிதாகப் போகவில்லை. தொடர் மீண்டும் ஒளிபரப்பானதும் ஜனங்கள் தேடி வந்தார்கள். 1973இல் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம். பாடகர் இல்லை, பாட்டு வரி இல்லை. பத்து லட்சத்துக்கு மேல் விற்றது.

நூலகத்திலிருந்து எடுக்கும் இசைக்குத் தனி உரிமை கிடையாது. கட்டணம் கட்டினால் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம். ஆலன் ஹாக்‌ஷாவின் ‘சிக்கன் மேன்’ 1978இல் பி.பி.சி.யின் பள்ளிக்கூடத் தொடரான ‘கிரேஞ்ச் ஹில்’லுக்கு முகப்பு இசையானது. அடுத்த வருடமே போட்டிச் சேனலான ஐ.டி.வி.யில் ‘கிவ் அஸ் எ க்ளூ’ என்ற விளையாட்டு நிகழ்ச்சிக்கும் அதே மெட்டு, வேறு வாத்திய அமைப்பில். ஒரே ஊரில் இரண்டு வீடு. ஹாக்‌ஷாவை நினைவில் வைத்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. 1982 நவம்பர் 2ஆம் தேதி சேனல் ஃபோர் தொடங்கியபோது முதலில் ஒளிபரப்பான நிகழ்ச்சி ‘கவுன்ட்டவுன்’. அதில் கடிகாரம் முப்பது நொடி ஓடும். ஓடும் அந்த முப்பது நொடிக்கும் இசை அவருடையது.

பணம் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். இசையைக் காட்சியோடு இணைத்துக்கொள்ள முப்பது நொடிக்கு இவ்வளவு என்று உரிமக் கட்டணம். பிறகு ஒவ்வொரு முறை ஒளிபரப்பாகும்போதும் 1914இல் தொடங்கிய பிரிட்டிஷ் நிகழ்த்துரிமைச் சங்கத்தின் வழியாக ராயல்டி. இசையமைப்பாளருக்குப் பாதி, பதிப்பகத்துக்குப் பாதி என்பது பொதுவான வழக்கம். இது நடப்பதற்கு நிகழ்ச்சியில் எந்த மெட்டு எத்தனை நொடி வந்தது என்று எழுதிக் கொடுக்கும் க்யூ ஷீட் வேண்டும். அந்தத் தாளில் பெயர் இருந்தால் பணம் வந்து சேரும். இந்த அவையில் தொலைக்காட்சிக்கு வாசிக்கிறவர்களும் எழுதுகிறவர்களும் இருக்கிறீர்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

பெயரே இல்லாமல் போனவர்களும் உண்டு. 1963இல் ‘டாக்டர் ஹூ’ தொடரின் முகப்பு இசைக்கு ரான் கிரெய்னர் சில தாள்களில் மெட்டு எழுதிக் கொடுத்தார். அதை டேப் துண்டுகளை வெட்டி ஒட்டி, ஒவ்வொரு சுரமாக உருவாக்கியவர் பி.பி.சி.யின் ரேடியோஃபோனிக் வொர்க்‌ஷாப்பில் ஊழியராக இருந்த டெலியா டெர்பிஷயர். கிரெய்னரே அவருக்குப் பாதி உரிமை தர விரும்பினார். நிறுவனத்தின் விதி இடம் கொடுக்கவில்லை. அவர் பெயர் அந்தத் தொடரின் திரையில் வர 2013 ஆனது. அப்போது அவர் உயிரோடு இல்லை. அதே டெர்பிஷயர் 1969இல் ஸ்டாண்டர்ட் மியூசிக் லைப்ரரிக்காக ஒரு தட்டு செய்தபோது ‘லி டி லா ரூஸ்’ என்ற புனைபெயரில் செய்தார். அந்தத் தட்டின் ஒலிகள் எழுபதுகளில் ஐ.டி.வி.யின் குழந்தைகள் தொடரான ‘டுமாரோ பீப்பிள்’ வழியாகப் போட்டிச் சேனலுக்கே போய்ச் சேர்ந்தன.

சினிமாவுக்கும் இந்த அலமாரிகள் கைகொடுத்திருக்கின்றன. 1975இல் வெளியான ‘ஹோலி கிரெயில்’ படத்தை மான்ட்டி பைத்தான் என்ற நகைச்சுவைக் குழு எடுத்தபோது நீல் இன்னஸ் எழுதிய இசையில் பெரும்பகுதி படத்துக்குப் போதிய கம்பீரம் தரவில்லை என்று டி வொல்ஃப் தட்டுகளை எடுத்தார்கள். குதிரையே இல்லாமல், பணியாள் தேங்காய் ஓட்டைத் தட்ட, அரசர் ‘சவாரி’ செய்கிறார். பின்னால் ஒலிப்பது உண்மையான வீரகாவிய இசை. அந்த இசை சிரிக்கவே இல்லை, அதனால்தான் நாம் சிரிக்கிறோம். நகைச்சுவைக்கென்று எழுதச் சொல்லியிருந்தால் எழுதுகிறவர் கண்ணடித்திருப்பார். இயக்குநர் ரொமேரோவின் 1978ஆம் ஆண்டுப் படம் ‘டான் ஆஃப் தி டெட்’டில் பேரங்காடிக்குள் பிணங்கள் நடமாடும்போது ஒலிக்கும் குதூகலமான ‘தி காங்க்’ ஹெர்பர்ட் சாப்பெல் எழுதிய நூலக மெட்டுதான். பிற்காலத்தில் ‘ஸ்பான்ஜ்பாப்’ கார்ட்டூனிலும் இத்தகைய பழைய நூலகத் துண்டுகள் ஏராளம். நம் வீட்டுப் பிள்ளைகளும் தெரியாமலே கேட்டிருப்பார்கள். கீத் மான்ஸ்ஃபீல்டின் ‘ஃபங்கி ஃபேன்ஃபேர்’ அமெரிக்கத் திரையரங்குகளில் படம் தொடங்குமுன் ஒலித்தது. அந்த நினைவுக்காகவே இயக்குநர் டாரன்டினோ அதைத் தன் ‘கில் பில்’லின் தொடக்கத்தில் வைத்தார்.

தொண்ணூறுகளில் இந்தத் தட்டுகளுக்கு மறுபிறவி கிடைத்தது. நிலையங்கள் பழைய எல்.பி.க்களைக் கழித்துக் கட்டியபோது சேகரிப்பாளர்கள் பொறுக்கி எடுத்தார்கள். 1995இல் வந்த ‘தி சவுண்ட் கேலரி’ என்ற தொகுப்பு இளைஞர்களை இந்தப் பக்கம் திருப்பியது. ஹிப் ஹாப் கலைஞர்கள் அவற்றின் டிரம் துணுக்குகளை வெட்டிப் புதுப்பாட்டு செய்தார்கள். எட்டு எட்டாக வெட்டத் தக்கதாக எழுதிய இசையல்லவா!

இனி என் பேச்சை நிறுத்திக்கொண்டு தட்டுகளைப் போடப் போகிறேன். மூன்று உருப்படிகள். முதலில் நீல் ரிச்சர்ட்சனின் ‘அப்ரோச்சிங் மெனஸ்’. முதல் நான்கு நொடியைக் கவனியுங்கள். அடுத்து, வெய்ன் ஹில் எழுதிய ‘லெஃப்ட் பேங்க் டூ’. காது கேளாத குழந்தைகளையும் மனதில் வைத்து பி.பி.சி. நடத்திய ‘விஷன் ஆன்’ நிகழ்ச்சியில், பிள்ளைகள் வரைந்து அனுப்பிய ஓவியங்களை வரிசையாகக் காட்டும்போது ஒலித்தது. அதில் வைப்ரஃபோன் எவ்வளவு இடம் விட்டு வாசிக்கிறது என்று பாருங்கள். மூன்றாவது, ரொனால்ட் பிஞ்ச் 1963இல் எழுதிய ‘செய்லிங் பை’. மான்டோவானி இசைக்குழுவுக்கு அருவிபோல் விழும் வயலின் ஒலியை அமைத்துக் கொடுத்தவர் அவர்தான். பி.பி.சி. ரேடியோ ஃபோரில் நள்ளிரவு தாண்டி 12.48க்குக் கடல் வானிலை அறிக்கை வாசிப்பதற்கு முன் இதைப் போடுவார்கள். அறிக்கை நொடி பிசகாமல் தொடங்க வேண்டும். அதுவரை இருக்கும் இடைவெளியை இது நிரப்பும், கடலில் இருக்கும் மாலுமிகள் அலைவரிசையைப் பிடித்துக்கொள்ளவும் உதவும். எந்த நொடியில் ஒலியைக் குறைத்தாலும் உறுத்தாதபடி அவர் அதை எப்படிக் கட்டியிருக்கிறார் என்பதை நாம் கேட்டே தெரிந்துகொள்ளலாம். ஒலிப்பெட்டிக்காரர் தயார் என்கிறார். ரிச்சர்ட்சனில் தொடங்குவோம்.